வாயில்லா ஜீவன்களுக்காக வாதாடிய நாட்டிய மேதை ருக்மிணி தேவி அம்மையார்

மதுரையம்பதியில் சொக்கநாதப் பெருமான் நிகழ்த்திய திருவிளையாடல்களை அறியாத சைவப் பெருமக்கள் இலர். தாயை இழந்து பசியால் கதறிய பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்கு எம்பெருமான் தாய்ப்பன்றியாக எழுந்தருளிப் பாலூட்டினார். நாரைக்கு முத்தி அளித்தார். எளிய கரிக்குருவிக்கு உபதேசம் செய்தார். உயர்திணை, அஃறிணை என்ற பேதம் இறைவனின் கருணைக்கு இல்லை என்பதே இவற்றால் நாம் உணர வேண்டிய தத்துவமாகும். அந்த மதுரை மாநகரில் பிறந்து, அந்தக் கருணையை நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏற்றிய ஒரு பெண்மணியின் வரலாற்றைத் திருவிழாச் சிறப்பிதழின் வாயிலாகப் பக்தப் பெருமக்களின் பார்வைக்கு வைப்பதில் மகிழ்கிறோம்.

ருக்மிணி தேவி அம்மையார் 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் நீலகண்ட சாஸ்திரிக்கும் சேஷம்மாளுக்கும் மகளாகப் பிறந்தார். தந்தையார் பொதுப்பணித் துறையில் பொறியாளர். பிரம்மஞான சபையில் பெரும் ஈடுபாடு கொண்டவர். ஓய்வு பெற்ற பின்னர்ச் சென்னை அடையாற்றில் அச்சபையின் அருகிலேயே குடியேறினார். அங்கேதான் ருக்மிணி தேவி, அன்னி பெசன்ட் அம்மையாரின் அன்பிற்கும் வழிகாட்டுதலுக்கும் பாத்திரமானார்.

1920ஆம் ஆண்டில், தமது 16ஆம் வயதில், ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை அவர் மணந்தார். வைதிகக் குடும்பத்துப் பெண் வெள்ளைக்காரரை மணப்பதா என்று சென்னை நகரமே கொதித்தெழுந்தது. அந்த எதிர்ப்பிற்கு அவர் அஞ்சவில்லை. ஊர் ஏசினாலும் தாம் சரியென உணர்ந்ததைச் செய்யும் அந்தத் துணிவே பிற்காலத்தில் அவர் ஆற்றிய தொண்டுகளுக்கெல்லாம் அடித்தளமாக அமைந்தது எனலாம்.

ரஷ்ய நாட்டு நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பு 1928ஆம் ஆண்டில் அவருக்குக் கிட்டியது. சொந்த நாட்டின் கலையைத் தேடும்படி பாவ்லோவா கூறிய அறிவுரை அவர் உள்ளத்தில் பதிந்தது. அக்காலத்தில் சதிர் என்று வழங்கிய ஆடற்கலை, தேவதாசி மரபினரும் நட்டுவனார்களும் வழிவழியாகக் காத்து வந்த செல்வமாக இருந்தும், மேல்தட்டு மக்களால் இழிவாக நோக்கப்பட்டது. ருக்மிணி தேவி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அக்கலையைப் பயின்று, 1935ஆம் ஆண்டு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அரங்கேறினார். 1936ஆம் ஆண்டு கலாக்ஷேத்திரா பிறந்தது. சிருங்காரத்தைக் குறைத்துவிட்டார் என்று மரபு வழிக் கலைஞர்கள் சிலர் குறை கூறியதுண்டு. ஆயினும், இன்று நம் ஆலய விழாக்களில் குழந்தைகள் சலங்கை கட்டி ஆடுவதற்கு அவருடைய உழைப்பும் ஒரு காரணம் என்பதை மறுப்பார் இலர். கலாக்ஷேத்திராவில் பயின்ற நீலா சத்தியலிங்கம் அம்மையார் 1977ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அப்சராஸ் ஆர்ட்ஸ் என்னும் கலையகத்தை நிறுவினார். அவ்வழியில் இம்மண்ணிற்கும் அந்தக் கலை மரபுக்கும் தொடர்பு உண்டு.

அம்மையாரின் இந்த நாட்டியப் பணியைப் பலரும் அறிவர். அவருடைய வாழ்வின் மற்றொரு பாதியை அறிந்தவர் சிலரே.

1952ஆம் ஆண்டில் அவர் இந்திய நாடாளுமன்றத்தின் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். கலைஞர் என்ற முறையில் கிடைத்த அந்தப் பதவியைத் தமது கலைக்கு மட்டும் பயன்படுத்தியிருக்கலாம். அவரோ வாக்குரிமை இல்லாத, வாய்திறந்து முறையிடவும் இயலாத உயிர்களின் பிரதிநிதியாகத் தம்மைக் கருதிக்கொண்டார். வெள்ளையர் ஆட்சியில் 1890ஆம் ஆண்டு இயற்றிய விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே அப்போதும் நடைமுறையில் இருந்தது. அது போதாது என்று கண்ட அம்மையார் 1953ஆம் ஆண்டில் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். வண்டி மாடும் சுமைக் குதிரையும் படும் துன்பத்தோடு, ஆய்வுக்கூடங்களில் உயிரோடு அறுக்கப்படும் பிராணிகளின் வேதனையையும் அவையின் முன் வைத்தார்.

பிரதமர் ஜவஹர்லால் நேரு அம்மையாரின் நோக்கத்தைப் பாராட்டினார். குழு அமைத்து ஆராய்ந்து, அரசாங்கமே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று உறுதியளித்தார். அம்மையாருக்கு அது சோதனையான தருணம். மசோதாவை வற்புறுத்தி வாக்கெடுப்பில் தோற்பதா? வாக்குறுதியை நம்பிக் காத்திருப்பதா? பெயரும் புகழும் வேண்டியவராயின் முன்னதையே தேர்ந்திருப்பார். அவர் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சட்டம் தம் பெயரால் வருகிறதா என்பதைவிட, அது வருகிறதா என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. அதற்காக ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் பொறுமையோடு காத்திருந்தார். 1960ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது.

பிராணியை அடிப்பதும், தாங்க முடியாத பாரம் ஏற்றுவதும், நோயுற்றதை வேலை வாங்குவதும் அச்சட்டப்படி குற்றமாயின. உடலை அசைக்கவும் இடமில்லாத கூண்டில் அடைத்தல், குறுகிய சங்கிலியால் நெடுநேரம் பிணைத்தல், உணவும் நீரும் நிழலும் தராது விடுதல், துன்பம் நேரும்படி வண்டிகளில் ஏற்றிச் செல்லுதல் ஆகியனவும் குற்றங்களாயின. வித்தை காட்டும் விலங்குகளைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. அந்த விதியின் துணைகொண்டே 1998ஆம் ஆண்டில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டுவது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2001ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அத்தடையை உறுதி செய்தது. அம்மையார் மறைந்த பின்னரும் அவர் ஊன்றிய வித்து பலன் தந்தது.

1962ஆம் ஆண்டில் இந்திய விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைந்தபோது அம்மையாரே அதன் தலைவரானார். இறுதி மூச்சு வரை அப்பொறுப்பில் இருந்தார். பிராணிகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுதல், இழுக்கும் மாட்டின் பாரம் குறையும்படி வண்டிகளைத் திருத்தி அமைத்தல், முதுமையுற்ற கால்நடைகளுக்குக் காப்பகங்கள் அமைய உதவுதல், இறைச்சிக்காகக் கொல்லப்படும் பிராணியும் வீண் வேதனைப்படாதிருக்க வழிகாணுதல் ஆகியவை வாரியத்தின் கடமைகளுள் சிலவாகும். அம்மையாரோ தூய மரக்கறி உணவினர். அனைத்துலக மரக்கறியாளர் ஒன்றியத்தின் துணைத் தலைவராகவும் பல்லாண்டுகள் விளங்கினார். கொலையையே ஏற்காத ஒருவர், கொல்லப்படும் விலங்கின் கடைசி நேரத் துன்பத்தைக் குறைக்கவும் பாடுபட்டார். தம் கொள்கையை உலகம் முழுவதும் ஏற்கும் நாள் வரை காத்திராமல், இன்று துடிக்கும் உயிருக்கு இன்றே செய்யக்கூடியதைச் செய்தார். இதுவன்றோ மெய்யான ஜீவகாருண்யம்!

1977ஆம் ஆண்டில் பிரதமர் மொரார்ஜி தேசாய், இந்தியக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட அம்மையாரை அழைத்தார். நாட்டின் முதற்குடிமகள் என்ற பெருமை வாசலில் வந்து நின்றது. அம்மையார் அதனைப் பணிவோடு மறுத்துவிட்டுத் தம் மாணவர்களுடனும் வாயில்லா ஜீவன்களுடனுமே இருந்துவிட்டார். 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், 82 வயது நிறைவதற்குச் சில நாள்களே இருந்த நிலையில், இறைவனடி சேர்ந்தார்.

அவர் கண்ட சட்டம் குறையற்றது அன்று. முதன்முறை குற்றம் புரிந்தவருக்கு அதில் விதிக்கப்பட்ட அபராதம் ஐம்பது ரூபாய் வரையே. ஆய்வுக்கூடச் சோதனைகளை அது கட்டுப்படுத்தியதேயன்றி ஒழிக்கவில்லை. சமய வழக்கப்படி உயிர்ப்பலி இடுவதையும் அது குற்றமாக்கவில்லை. இந்த மூன்றாவது குறையே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. சட்டம் சமயத்தின் வாயிலில் வந்து நின்றுவிட்டது. அதற்கு உள்ளே நடப்பதைச் சமயத்தாரின் மனச்சான்றிடமே ஒப்படைத்துவிட்டது.

நம் மலேசியத் திருநாட்டிலும் 2015ஆம் ஆண்டில் விலங்கு நலச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஆயினும், சட்டத்திற்கு அஞ்சிச் செய்வது வேறு. அருளால் செய்வது வேறு. தோட்டப்புறக் கோயில்களில் ஆடும் கோழியும் பலியிட்ட காலத்தை மூத்தோர் அறிவர். அம்முன்னோர் கொடியவர் அல்லர். காட்டை அழித்து வாழ்ந்த நாளில், பாம்புக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிக் காவல் தெய்வத்திற்குத் தம்மிடம் இருந்ததைக் கொடுத்தவர்கள். இன்று பல ஆலயங்களில் நீற்றுப்பூசணியும் எலுமிச்சங்கனியும் அந்த இடத்தைப் பெற்றுள்ளன. அதனால் தெய்வத்தின் காவல் குறைந்துவிடவில்லை.

விநாயகருக்கு யானை முகம், முருகனுக்கு மயிலும் சேவலும், அம்பிகைக்குச் சிங்கம், ஐயனுக்கு நந்தி. சந்நிதியில் இவற்றை வணங்கிவிட்டு, வெளியே வந்ததும் கூண்டையும் சங்கிலியையும் காணாதது போல் செல்வது பக்தியாகுமா? விரத நாள்களில் நாம் மேற்கொள்ளும் மரக்கறி உணவை மேலும் சில நாள்களுக்கு நீட்டிக்கலாம். வீட்டில் வளர்க்கும் நாயின் சங்கிலியைத் தளர்த்தி, கோடை வெயிலில் ஒரு சட்டித் தண்ணீர் வைக்கலாம். நேர்த்திக்கடனாக உயிரைக் கொடுக்க எண்ணியவர் அந்தப் பணத்தை அன்னதானத்திற்கு உபயமாக அளிக்கலாம். இவை சிறிய காரியங்களே. ஆயினும், பன்றிக்குட்டிகளின் பசியைப் பொறுக்காத பெருமான் இவற்றைச் சிறியனவாகக் கருத மாட்டார்.

இவ்வாண்டுத் திருவிழாவில் சலங்கை ஒலி கேட்கும்பொழுது ருக்மிணி தேவி அம்மையாரை ஒருகணம் நினைவுகூர்வோமாக. எல்லா உயிர்களும் இன்புற்று வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.