ஒளியின் பங்கைக் கண்ட வைத்தியர்

நம் கல்லூரி ஆய்கூடத்திலே தாவரவியல் பயின்றோர் அந்தப் பரிசோதனையை மறந்திரார். முகவை நீரில் ஐதரில்லாச் செடி. அதன்மேற் கவிழ்த்த புனல். புனற்காம்பின்மேல் நீர் நிரம்பிய சோதனைக்குழாய். வெயிலில் வைத்தாற் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழும். இருட்டிற்கு எடுத்துச் சென்றால் அவை குறைந்து நின்றுவிடும். இவ்வுண்மையை முதன்முதல் நிலைநாட்டியவர் ஒரு வைத்தியர். யான் இங்கன்ஹவுஸ் என்னும் அவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஒல்லாந்து நாட்டுப் பிரேடா நகரிலே 1730ஆம் ஆண்டு மார்கழி 8ஆந் திகதி அவர் பிறந்தார். யாழ்ப்பாணக் கோட்டை அந்நாட்டார் வசமிருந்த காலம் அது. லூவெயினில் மருத்துவம் கற்று 1753இற் பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, வைசூரிக் கொப்புளத்தின் சீழைச் சிறிதளவு பிறருடலிற் செலுத்தி அந்நோயைத் தடுக்கும் முறையிலே தேர்ந்தார். 1768இல் வியன்னாவுக்கு அழைக்கப்பட்டு, பேரரசி மரியா தெரேசாவின் குடும்பத்தாருக்கு அம்முறையை வெற்றியுறச் செய்தமையால் அரச வைத்தியரானார். அப்பதவி தந்த வேதனமே அவரை ஆராய்ச்சிக்கு விடுவித்தது எனலாம்.

அக்காலத்தே அறிஞரை மயக்கிய புதிரொன்றிருந்தது. மெழுகுதிரி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடி திருத்துகின்றதென 1771இற் பிரீஸ்ட்லி கண்டார். ஆயினும் மீண்டும் செய்தபோது சிலவேளை பலித்தது, சிலவேளை பலிக்கவில்லை. சுவீடன் நாட்டு ஷீலேயோ செடிகள் காற்றைக் கெடுப்பனவென்றே கண்டார். இருவருமே நேர்மையான பரிசோதகர். அங்ஙனமாயின் பிழை எங்கே?

1779ஆம் ஆண்டுக் கோடையில் இங்கன்ஹவுஸ் இலண்டனுக்கு அணித்தாய் ஒரு நாட்டுப்புற வீட்டை வாடகைக்குப் பெற்றார். மூன்று மாதத்துக்குள் ஐந்நூறுக்கு மேற்பட்ட பரிசோதனைகளைச் செய்தார். இலைகளை நீரில் அமிழ்த்தி, வெளிவந்த வாயுவைச் சேர்த்து, அதனுடன் நைத்திரிக் ஒட்சைட்டைக் கலந்து, கனவளவு எவ்வளவு குறைகின்றதென அளந்து அதன் தூய்மையை மதித்தார். பகலிற் செய்ததை இரவிலுஞ் செய்தார். வெயிலிற் செய்ததை நிழலிலுஞ் செய்தார். காற்றைத் திருத்துவது ஞாயிற்றின் வெப்பமன்று, ஒளியே என்பது புலனாயிற்று. அதனைச் செய்வனவும் இலை, பசுந்தண்டு முதலிய பச்சை உறுப்புக்களே. வேரும் பூவும் பகலிலுங் காற்றைக் கெடுப்பன. இருளிலே செடி முழுவதும் அவ்வாறே செய்யும். முன்னவர் இருவரின் முரண்பாடும் இதனால் விளங்கிற்று. பானையை எங்கே வைத்தோம் என்பதை எவரும் கணக்கிலெடாதிருந்தனர்! அவ்வாண்டிலேயே இவற்றை நூலாக வெளியிட்டார்.

அவரிடத்துக் குறையில்லை என நாம் கூறோம். இரவிலே செடிகள் விளைக்குந் தீங்கை அவர் மிகைப்படுத்தினார். இரவிற் புளியமரத்தடியிற் படுத்தலாகாது என நம் மூத்தோர் கூறுவதும் நினைவுக்கு வருகின்றது. உண்மையில், அறையிலுள்ள ஒரு செடி இரவில் வெளிவிடுங் காபனீரொட்சைட்டு அங்கே உறங்கும் மனிதன் வெளிவிடுவதினும் மிகச் சிறிதே. முதன்மை யாருக்கு என்பது பற்றிப் பிரீஸ்ட்லியோடும் ஜெனீவாவின் செனபியரோடும் பிணக்குற்றார். 1798இல் ஜென்னர் பசுவம்மைப் பாலை அறிமுகஞ் செய்தபோது, வைசூரித் தடுப்பிலே பெயர்பெற்ற இவரே அதனை எதிர்த்தமை வருந்தத்தக்கது.

எனினும் பிறர் கண்டதை ஏற்க அவர் முற்றாக மறுத்தவரல்லர். செடிகள் காபனீரொட்சைட்டை உட்கொள்கின்றன எனச் செனபியர் 1782இற் காட்டியிருந்தார். செடி தன் உணவுக்கான காபனை அவ்வாயுவிலிருந்தே பெறுகின்றதென 1796இல் இங்கன்ஹவுசும் எழுதினார். 1799 புரட்டாதி 7ஆந் திகதி இங்கிலாந்தின் போவுட் மாளிகையிலே காலமானார். அவர் ஆராய்ந்த இலைகளின் பச்சைப் பொருளைப் பெலத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் பிரித்தெடுத்துக் குளோரபில் எனப் பெயரிட்டது 1817ஆம் ஆண்டளவிலேயாம்.