கட்டடக்கலை கற்ற கண்டி நங்கை

அடையாற்றிலிருந்து கிண்டிக்குப் போகும் பேருந்தில் சர்தார் படேல் சாலை வழியே செல்லும்போது அண்ணா பல்கலைக்கழக வளாகத்தைத் தோழியர் பலரும் பார்த்திருப்பீர்கள். கட்டடக்கலைப் பள்ளி இருப்பது அங்கேதான். 1957 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகப் பிறந்து, பின்னர் கிண்டிக்கு வந்த பள்ளி அது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, நுழைவுத் தேர்விலும் தேறினால் ஐந்தாண்டு பயின்று பி.ஆர்க். பட்டம் பெறலாம், மேலும் இரண்டாண்டு பயின்றால் எம்.ஆர்க். பட்டம். பெண்கள் பலர் அங்கு விரும்பிப் பயில்கின்றனர். வரைபலகையும் அளவுகோலும் ஆண்களின் உடைமை என்று இன்று எவரும் சொல்வதில்லை.

அப்படிச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் இக்கலையைக் கற்றே தீர்வதென்று நகரம் நகரமாகச் சென்ற ஒரு நங்கையின் வரலாறு இது. அவர் பெயர் மினெட் டி சில்வா. 1918 பிப்ரவரி முதல் நாள், நம் அண்டை நாடாகிய இலங்கையில், மலைகள் சூழ்ந்த கண்டி மாநகரில் பிறந்தார்.

தந்தையார் ஜார்ஜ் டி சில்வா வழக்கறிஞர். இலங்கை தேசிய காங்கிரசின் தலைவராகவும், பின்னாளில் சுகாதார அமைச்சராகவும் விளங்கியவர். தாயார் ஆக்னஸ் அம்மையார் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று போராடியவர். 1931 இல் இலங்கையில் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்ததில் அவ்வம்மையாரின் பங்கு பெரிது. தமக்கை அனில் கலை வரலாற்று அறிஞரானார். இத்தகைய வீட்டில் பிறந்த பெண்ணின் படிப்புக்குத் தடை ஏது என்று எண்ணத் தோன்றும். ஆனால் தடைகள் இருந்தன. இங்கிலாந்தில் தொடங்கிய பள்ளிப் படிப்பு உடல்நலக் குறைவாலும் பணமுடையாலும் இடையிலே நின்றது. ஊர் திரும்பிய பிறகும் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறாமலே பள்ளி வாழ்வு முடிந்தது. கட்டடக்கலை கற்க வேண்டும் என்ற விருப்பத்தை மகள் வெளியிட்டபோது தந்தையார் இசையவில்லை. நாட்டுப் பெண்களுக்கெல்லாம் உரிமை கேட்ட குடும்பம்தான். சொந்த மகள் என்று வரும்போது எந்தத் தந்தைக்கும் ஓர் அச்சம் வந்துவிடுகிறது போலும்!

இலங்கையில் அப்போது இக்கலையைக் கற்பிக்கும் கல்லூரியே இல்லை. சென்னையிலும் இல்லை. பம்பாய்க்குத்தான் போக வேண்டும். 1930களின் இறுதியில் மினெட் அங்குச் சென்றார். மெட்ரிகுலேஷன் சான்றிதழ் இல்லாதவரைக் கல்லூரியில் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே மிஸ்திரி அண்ட் பெத்வார் என்னும் கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் பயிற்சியாளராக அமர்ந்தார். அந்நிறுவனத்தைச் சேர்ந்த பெரின் மிஸ்திரி, 1936 இல் கட்டடக்கலை டிப்ளமோ பெற்று, இந்தியாவில் இத்துறைக்கு வந்த முதல் பெண் எனப் புகழ் பெற்றவர். அவருடைய நட்பு மினெட்டுக்கு எவ்வளவு தெம்பைத் தந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். தனியார் வகுப்புகளிலும் பயின்று, கடைசியில் சர் ஜே. ஜே. கலைப்பள்ளியின் கட்டடக்கலைப் பிரிவில் இடம் பெற்றார்.

இத்தனை பாடுபட்டுப் பெற்ற இடத்தை அவர் இழந்த கதைதான் இவ்வரலாற்றின் நெஞ்சம் எனலாம். 1942 ஆகஸ்டு மாதத்தில் பம்பாயில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் மூண்டது. காந்தியடிகள் சிறைப்பட்டார். அவரை விடுதலை செய்யக் கோரி நடந்த கூட்டத்தில் மினெட்டும் கலந்துகொண்டார். பள்ளி நிர்வாகம் சினந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தால் படிப்பைத் தொடரலாம் என்றது. கடிதத்துக்கு வேண்டியது ஒரு தாளும் சில வரிகளும்தான். இந்தியா அவருடைய தாய்நாடும் அன்று. எழுதிக் கொடுத்துவிட்டுப் படித்திருந்தால் அவரைக் குறை சொல்லியிருப்போர் சிலரே. அவர் எழுத மறுத்தார். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். பட்டயம் கைக்கு எட்டாமல் போயிற்று.

படிப்பு நின்றாலும் கற்பது நிற்கவில்லை. பெங்களூரில் ஆட்டோ கோனிக்ஸ்பர்கர் என்னும் ஜெர்மானியரிடம் பணிக்குச் சேர்ந்தார். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்து, மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராயிருந்தவர் அவர். டாடா இரும்பாலையின் ஜாம்ஷெட்பூர் நகரத் திட்டத்தில் தொழிலாளர் வீடுகளுக்கான வேலையில் மினெட் பங்கு கொண்டார். நிழல், காற்றோட்டம், மழை ஆகியவற்றைக் கணக்கிட்டு வீடு வரையும் கலையில் கோனிக்ஸ்பர்கர் வல்லவர். 1946 இல் பம்பாயில் முல்க் ராஜ் ஆனந்த் தொடங்கிய மார்க் என்னும் கலை இதழின் தொடக்கக் குழுவில் மினெட்டும் தமக்கையாரும் இருந்தனர்.

போர் முடிந்ததும் லண்டன் கதவு திறந்தது. அங்குள்ள ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் சேர்ந்து, விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்தார். 1947 இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் நகரில் கூடிய நவீனக் கட்டடக் கலைஞர்களின் பன்னாட்டு மாநாட்டில் சேலை உடுத்திச் சென்று அமர்ந்தார். பின்னாளில் சண்டிகர் நகரை அமைத்த லெ கொர்புசியே அவருக்கு வாழ்நாள் நண்பரானார். 1948 இல் பிரிட்டனின் அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் இணை உறுப்பினராகத் தேர்ந்தார். ஆசியப் பெண்களில் அத்தகுதியை முதன்முதல் எய்தியவர் அவரே. அப்போது அவருக்கு வயது முப்பது.

விரும்பியிருந்தால் லண்டனிலே தங்கியிருக்கலாம். 1949 இல் கண்டிக்குத் திரும்பி, பெற்றோர் இல்லத்திலேயே தொழில் தொடங்கினார். முதலில் கட்டியது கருணாரத்ன குடும்பத்தாரின் வீடு. மலைச்சரிவை முழுதும் வெட்டிச் சமன் செய்யாமல், சரிவுக்கேற்ப மேலும் கீழுமாகத் தளங்களை அமைத்தார். கான்கிரீட்டும் கண்ணாடியும் உண்டு. கூடவே தும்பறை நெசவாளர் பின்னிய பாய் வேலைப்பாடு, அரக்குப் பூச்சு செய்யும் கைவினைஞரின் வேலை, சூளையில் சுட்ட ஓடுகள், ஜார்ஜ் கீட் தீட்டிய சுவரோவியம் ஆகியனவும் இடம் பெற்றன. லண்டன் படிப்பையும் கண்டிக் கைவினையையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தார். கைவினை நலிந்தால் நெசவாளியின் அடுப்பும் அணையும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஒரு பெண் சாரத்தின் அருகே நின்று கட்டளையிடுவதை ஏற்கக் கொத்தனார்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் மனம் வர நாளாயிற்று.

மயிலாப்பூர் மாடவீதிகளில் இன்னும் எஞ்சியுள்ள பழைய வீடுகளில் திண்ணையும் ரேழியும் முற்றமும் இருக்கும். முற்றத்தின் வழியே வெப்பம் மேலேறிப் போகக் காற்று உள்ளே வரும். இதே முற்றத்தைத்தான் மினெட் கொழும்பில் பீரிஸ் குடும்பத்துக்குக் கட்டிய புது வீட்டில் வைத்தார். அவ்வீட்டைத் தூண்களின்மேல் உயர்த்தித் தரைத்தளத்தைத் தோட்டத்தோடு சேர்த்துத் திறந்துவிட்டார். தியாகராய நகர் அடுக்கு வீடுகளிலும் கீழே தூண்கள் நிற்கின்றன. ஆனால் அங்கே கார்தான் நிற்கிறது, தென்றல் அன்று!

கண்டிக்கு அருகில் வத்தபுளுவ என்னும் இடத்தில் அரசு ஊழியர்களுக்கு ஏறத்தாழ 250 வீடுகள் கட்டும் திட்டம் 1958 இல் அவரிடம் வந்தது. ஒரே அச்சில் வார்த்தாற்போல் வீடுகளைக் கட்டிவிடுவது எளிது. மினெட் குடியேறப் போகும் குடும்பங்களுக்கு வினாத்தாள் கொடுத்தார். எத்தனை பேர், எப்படிப்பட்ட வாழ்க்கை, எவ்வளவு செலவிட முடியும் என்று கேட்டறிந்து அதற்கேற்பப் பலவகை வீடுகளை வரைந்தார். குடியிருப்பவரின் கருத்தைக் கேட்டுக் கட்டுவது அந்நாளில் அரிதினும் அரிது.

ஆனால் தாயார் மறைந்தபின் வேலைகள் குறைந்தன. நெடுங்காலம் வெளிநாடுகளில் சுற்றினார். கட்டடக்கலை மாணவர் உலகெங்கும் பயிலும் பானிஸ்டர் பிளெட்சரின் வரலாற்று நூலுக்கு 1975 இல் புதுப் பதிப்பு வந்தபோது, தெற்காசியப் பகுதியை எழுதித் தந்தவர் இவரே. அவ்வாண்டு முதல் 1979 வரை ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். மெட்ரிகுலேஷன் இல்லையென்று வாயிலில் நிறுத்தப்பட்டவர் பல்கலைக்கழக மாணவருக்குப் பாடம் சொன்னார்!

ஊர் திரும்பியபின் கண்டியில் கலைச் சங்கத்துக்கு ஒரு கட்டடம் எழுப்பினார். அதற்குள் தலைமுறை மாறிவிட்டது. அதே லண்டன் பள்ளியில் பின்னர் பயின்று 1957 இல் தேறிய ஜெஃப்ரி பாவா, மதுரை கிளப்பைக் கட்டியவர், உலகப் புகழ் எய்தியிருந்தார். அவருக்கு முன்பே அவ்வழியில் நடந்தவரை மக்கள் மறந்திருந்தனர். மினெட் கட்டிய வீடுகள் பல இடிக்கப்பட்டன. அவர் தொழில் தொடங்கிய கண்டி இல்லமும் பாழடைந்தது. 1996 இல்தான் இலங்கைக் கட்டடக் கலைஞர் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

1998 நவம்பர் 24 அன்று, எண்பதாம் வயதில், கண்டியில் மறைந்தார். இறுதி ஆண்டுகளில் தம் வரைபடங்களையும் கடிதங்களையும் புகைப்படங்களையும் அடுக்கி ஒட்டி ஒரு நூலை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஓர் ஆசியப் பெண் கட்டடக் கலைஞரின் வாழ்வும் பணியும் என்பது அதன் பெயர். முதல் தொகுதி அதே 1998 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று தரையில் காண முடியாத அவருடைய வீடுகள் சிலவற்றை அந்நூலின் பக்கங்களில் காணலாம்.