தங்கையின் நோயில் தொடங்கிய பணி

கொடைக்கானலுக்கு மேற்கே, மன்னவனூரையும் கடந்து, பூண்டு விளையும் கவுஞ்சியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைச் சொன்னால் அரசின் மகப்பேறு நிதியுதவிதான் நினைவுக்கு வரும். தமிழகத்தின் எந்தச் சிற்றூரிலும் அப்படித்தான். படித்தவர்கள் தேவதாசி முறை ஒழிப்பை நினைப்பார்கள். அவரது வாழ்வின் பிற்பகுதியை ஆட்கொண்ட புற்றுநோய்ப் பணியோ அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர். தந்தை நாராயணசாமி கல்லூரி முதல்வர். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்ட மேலவையின் துணைத் தலைவராக இருந்தவர், காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் பதவி விலகினார்.

1923இல் தங்கை மலக்குடல் புற்றுநோயால் மறைந்தார். முதலில் அதைச் சீதபேதி என்றே கருதினார்கள். உடன்பிறந்தவர் மருத்துவராக இருந்தும், காலம் கடந்த பிறகே உண்மை தெரிந்தது. அந்த மரணத்தை முத்துலட்சுமி விதியென்று விட்டுவிடவில்லை. 1935இல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். எப்படியும் இறக்கப்போகும் நோயாளிகளுக்கு அது எதற்கு என்ற எண்ணம் ஆட்சியாளர்களிடமே இருந்த காலம் அது. இந்திய மாதர் சங்கத்தின் வழியே நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. மகன் கிருஷ்ணமூர்த்தியும் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர்.

1968இல் முத்துலட்சுமி மறைந்தார். அந்த மருத்துவமனை 1980களில் தொடங்கிய புற்றுநோய்ப் பதிவேடு, சென்னை ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோயே முன்னணியில் நிற்பதைக் காட்டியது. மாநிலம் முழுவதற்குமான பதிவேடு பின்னர் வந்தது.

இன்று இரைப்பைப் புற்றுநோயை மரபணுக்களின் வழியே படிக்கிறார்கள். 2014இல் வெளியான பெரிய ஆய்வொன்று 295 கட்டிகளை நான்கு வகையாகப் பிரித்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய வகையிலும், மரபணுப் பிழைகளைத் திருத்தும் திறன் இழந்த வகையிலும் எதிர்ப்பணுக்கள் கட்டிக்குள் திரளாகப் புகுந்திருப்பது வழக்கம். ஒரே கட்டத்தில், ஒரே அறுவை சிகிச்சை பெற்ற இருவரில் யாருக்கு நோய் திரும்பும் என்று, எதிர்ப்பாற்றல் சார்ந்த மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து கணிக்க முயல்கிறார்கள். யாருக்கு எதிர்ப்பாற்றல் சிகிச்சை பலிக்கும் என்பதற்கும் அதில் குறிப்பு கிடைக்கலாம். விலை உயர்ந்த மருந்து என்பதால் இது ஏழைக்குத்தான் கூடுதலாக முக்கியம்.

ஆனால் இந்தக் கணிப்பு, பிழைத்தவர் யார், இறந்தவர் யார் என்ற கணக்கின் மேல் நிற்பது. பிற நாட்டு மக்களிடம் உருவான அளவுகோல் நம்மிடம் பொருந்துமா என்று இங்குள்ள நோயாளிகளைக் கொண்டே சரிபார்க்க வேண்டும். கவுஞ்சியிலிருந்து மலையிறங்கி, மதுரையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பும் விவசாயி ஐந்து ஆண்டுகள் கழித்து எப்படியிருக்கிறார் என்பது எங்கும் பதிவாகாவிட்டால், அவருடைய கட்டியின் மரபணுக்களைப் படித்தும் பயனில்லை. மகப்பேறு உதவிக்காக ஒவ்வொரு கர்ப்பிணியின் பெயரையும் எழுதிவைக்கும் கிராமச் செவிலியரிடம் இன்னொரு பதிவேட்டையும், அதற்குரிய ஆள்பலத்தையும் அரசு கொடுக்கலாம்.