கோலிக்குண்டும் சி.வி. ராமனும்

கள்ளக்குறிச்சித் தெருக்களில் கோலி ஆடும்போது பார்த்திருப்பீர்கள். சுண்டிவிட்ட குண்டு, அதே எடையுள்ள இன்னொரு குண்டை நேராக அடித்தால், அடித்தது நின்றுவிடும், அடிபட்டது ஓடும். உந்தம் கைமாறிவிட்டது! ஆற்றலில் கொஞ்சம் மட்டும் 'டக்' என்ற சத்தமாகவும் வெப்பமாகவும் போய்விடும்.

இப்படிப்பட்ட மோதலை ஆராய்ந்தவர்தான் சர் சி.வி. ராமன். 1888 நவம்பர் 7-ஆம் தேதி திருச்சியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1907-இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். அலுவலகம் போகுமுன்பும் வந்த பின்பும் ஆய்வுக்கூடமே கதி! 1917-இல் கைநிறையச் சம்பளம் தந்த அந்த வேலையை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானார்.

குண்டுகளை மிக மெதுவாக மோதவிட்டுப் புகைப்படம் எடுத்தார். வேகம் குறையக் குறைய, வீணாகும் ஆற்றலின் பங்கும் குறைவதைக் கண்டு 1918-இல் வெளியிட்டார்.

ஒளி மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போதும் ஆற்றல் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது என்று 1928-இல் கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து கண்டறிந்தார். அதுதான் ராமன் விளைவு. அதற்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றார். 1970 நவம்பர் 21-ஆம் தேதி மறைந்தார்.

இனி கோலி ஆடும்போது, ஜெயித்தது யார் என்று மட்டும் பார்க்காதீர்கள். நின்றது எந்தக் குண்டு என்றும் பாருங்கள்!