சாமுவேல் பேக்கர்

சர் சாமுவேல் வைட் பேக்கர் (ஜூன் 8, 1821 – டிசம்பர் 30, 1893) இங்கிலாந்தைச் சேர்ந்த நாடுகாண் பயணி, வேட்டைக்காரர், எழுத்தாளர் ஆவார். நைல் ஆற்றின் மூலங்களைத் தேடிச் சென்று 1864 ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஏரியைக் கண்ட முதல் ஐரோப்பியராக இவர் பரவலாக அறியப்படுகிறார். அதற்கு முன்னர் 1846 முதல் 1855 வரை இலங்கையில் வாழ்ந்தார். குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் கெட்டித்துச் சுடும் துப்பாக்கிகள் வழக்கிலிருந்த அக்காலத்தில், பெரு விலங்குகளைத் தொலைவிலிருந்தும் அண்மையிலிருந்தும் சுடத்தக்க கனமான ரைபிள்களை இலங்கை வேட்டைக்குக் கொண்டுவந்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமை

பேக்கர் இலண்டனில் ஒரு செல்வந்தக் குடும்பத்தில் பிறந்தார். இவருடைய தந்தை வணிகரும் கப்பல் உரிமையாளரும் ஆவார். குடும்பத்துக்குக் கரும்புத் தோட்டங்களும் இருந்தன. குளொஸ்டரில் உள்ள பள்ளியில் பயின்ற பேக்கர், 1841 இல் செருமனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் கல்வியை முடித்தார். ஆகஸ்ட் 3, 1843 இல் ஹென்றியெட்டா மார்ட்டின் என்பவரை மணந்தார். அதே நாளில் இவருடைய தம்பி ஜான், ஹென்றியெட்டாவின் சகோதரியை மணந்தார். பின்னர் மொரீசியசுத் தீவில் இருந்த தந்தையின் தோட்டத்தை மேற்பார்வையிடச் சென்ற பேக்கர், அங்கிருந்து 1846 இல் இலங்கைக்கு வந்தார். வேட்டையில் கொண்ட நாட்டமே இவரை இலங்கைக்கு ஈர்த்தது.

நுவரெலியாவில் குடியேற்றம்

தாழ்நிலக் காடுகளில் வேட்டையாடிய பேக்கர் கடும் காய்ச்சலுக்கு ஆளானார். உடல் தேற நுவரெலியாவுக்குச் சென்றவருக்கு, கடல் மட்டத்திலிருந்து 1,860 மீட்டருக்கும் மேல் உயரத்தில் உள்ள அவ்விடத்தின் குளிர்ந்த காலநிலை பிடித்துப்போனது. அங்கு ஆங்கிலேயப் பண்ணைக் குடியேற்றம் ஒன்றை நிறுவ முடிவு செய்தார். 1848 இல் தம்பி ஜானுடன் சேர்ந்து குடியேறிகள், கால்நடைகள், வேட்டை நாய்கள், பண்ணைக் கருவிகள் ஆகியவற்றைக் கப்பலில் இங்கிலாந்திலிருந்து வருவித்தார். முதலாண்டுகளில் பயிர்களும் கால்நடைகளும் பெருமளவு அழிந்தன. மண்ணுக்கு உரமிட வேண்டியிருந்ததை இவர் பின்னரே உணர்ந்தார். எனினும் குடியேற்றம் நிலைபெற்றது.

மலைநாட்டில் இவர் துப்பாக்கியைக் குறைவாகவே பயன்படுத்தினார். மரை எனப்படும் கடமானை நாய்களைக் கொண்டு விரட்டிக் கத்தியால் கொல்வது இவருடைய வழக்கமாக இருந்தது. துப்பாக்கி வேட்டைக்கு மின்னேரியா, பொலன்னறுவை போன்ற தாழ்நிலப் பகுதிகளுக்குச் சென்றார்.

துப்பாக்கித் தேர்வு

பேக்கர் இலங்கைக்கு வந்த காலத்தில் அங்கிருந்த ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் புரியில்லாத, உட்புறம் வழுவழுப்பான குழல் கொண்ட துப்பாக்கிகளையே பயன்படுத்தினர். யானையை அடர்காட்டில் பத்துப் பதினைந்து அடி தொலைவில் நின்று நெற்றியில் சுடுவதே வழக்கம் என்பதால் ரைபிள் தேவையில்லை என்று அவர்கள் கருதினர். வழுவழுப்பான குழலில் மருந்தையும் குண்டையும் விரைவாகக் கெட்டிக்க முடியும் என்பதும் ஒரு காரணமாகும்.

பேக்கர் இதனை ஏற்கவில்லை. காட்டுக்குள் யானை அருகில் வந்தாலும், மின்னேரியா போன்ற பெருங்குளங்களின் கரையில் உள்ள திறந்த புல்வெளிகளில் எருமையும் மானும் நெடுந்தொலைவில் நின்றன. வழுவழுப்பான குழலிலிருந்து செல்லும் உருண்டைக் குண்டு தொலைவு கூடக்கூடக் குறி விலகியது. எனவே இரு வகை நிலத்துக்கும் பொருந்தும் துப்பாக்கியை இவர் நாடினார்.

ரைபிள் குழலின் உட்புறத்தில் திருகு வடிவில் புரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவை குண்டைச் சுழலச் செய்வதால் அது நேராகச் செல்கிறது. ஆனால் வெடிமருந்தின் அளவைக் கூட்டினால் குண்டு புரியைப் பற்றாமல் வழுக்கிச் செல்லும் என்ற அச்சம் அக்காலத்தில் இருந்தது. அதனால் ரைபிள்களில் குறைந்த மருந்தே இடப்பட்டது. குண்டு மெதுவாகச் சென்று, தொலைவில் வெகுவாகத் தாழ்ந்து விழுந்தது. பேக்கர் தாமே வடிவமைத்து, பிரிஸ்டல் நகரத் துப்பாக்கி செய்வோரான கிப்ஸ் என்பவரைக் கொண்டு ஒரு ரைபிளைச் செய்வித்தார். அதன் விவரங்கள் பின்வருமாறு:

- எடை: 21 இறாத்தல் (சுமார் 9.5 கிலோகிராம்)
- குழல்: ஒன்று, நீளம் 36 அங்குலம் (91 சென்டிமீட்டர்)
- புரிகள்: ஆழமான இரண்டு
- குண்டு: பட்டை கொண்ட உருண்டைக் குண்டு 3 அவுன்சு (85 கிராம்), கூம்புக் குண்டு 4 அவுன்சு (113 கிராம்)
- வெடிமருந்து: 16 டிராம் (சுமார் 28 கிராம்)

உருண்டைக் குண்டைச் சுற்றி அமைந்த பட்டை இரு புரிகளிலும் பொருந்தியதால், மிகுந்த மருந்தின் விசையிலும் குண்டு வழுக்கவில்லை. துப்பாக்கியின் எடை பின்னுதைப்பைத் தாங்கியது. மின்னேரியாவின் திறந்த வெளியில் எருமைகளை நெடுந்தொலைவிலிருந்து வீழ்த்த இது உதவியது.

எனினும் இந்த ரைபிளைப் பேக்கர் பொதுப் பயன்பாட்டுக்குப் பரிந்துரைக்கவில்லை. வாய்வழித் துப்பாக்கியில் ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் மருந்து கொட்டி, குண்டை வைத்து, கோலால் இடித்து, தீப்பொறி தரும் செப்பு மூடியைப் பொருத்த வேண்டும். தாக்க வரும் யானையின் முன் இதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஆதலால் ஒற்றைக் குழல் துப்பாக்கியால் பயனில்லை என்பது இவருடைய கருத்து. இலங்கை வேட்டைக்கு 10 முதல் 12 வரையான எண் அளவுள்ள நான்கு இரட்டைக் குழல் ரைபிள்கள் வேண்டும் என்று எழுதினார். (ஓர் இறாத்தல் ஈயத்திலிருந்து வார்க்கக்கூடிய உருண்டைக் குண்டுகளின் எண்ணிக்கையே இந்த எண், எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும்.) நான்கும் ஒரே அளவினதாக இருப்பின், பரபரப்பில் ஒன்றின் குண்டை மற்றொன்றில் இடும் குழப்பம் நேராது. துப்பாக்கி தூக்கும் உள்ளூர் உதவியாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கைக்குக் கொடுக்க, எட்டுக் குண்டுகளைத் தொடர்ந்து சுட முடிந்தது. உதவியாளர் அஞ்சி ஓடிவிட்டால் வேட்டைக்காரரின் உயிருக்கு உத்தரவாதம் இருக்கவில்லை.

இலங்கையில் வேட்டை விதிகள்

அக்காலத்தில் இலங்கையில் யானைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கவில்லை. மாறாக, பயிர்களை அழிக்கும் விலங்கு எனக் கருதி, கொல்லப்பட்ட யானைக்கு அரசு பரிசு வழங்கியது. ஒரு வாலுக்குப் பத்து சிலிங் என்றிருந்த பரிசு, பேக்கர் எழுதிய காலத்தில் சில மாவட்டங்களில் ஏழு சிலிங்காகக் குறைக்கப்பட்டும் வேறு சிலவற்றில் முற்றாக நிறுத்தப்பட்டும் இருந்தது. கொல்லப்பட்ட யானைகளின் தொகை மிகுந்து அரசின் செலவு கூடியதே இதற்குக் காரணம். வட மாகாணத்தில் மட்டும் 1848 க்கு முந்தைய மூன்றாண்டுக்குள் 3,500 க்கும் மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதாக இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் பதிவு செய்துள்ளார். 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் தனியொருவராக 1,300 க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கூறப்படுகிறது. இலங்கை யானைகளில் தந்தமுள்ளவை மிகச் சிலவே என்பதால் இவ்வேட்டையில் தந்தத்தால் வரும் ஆதாயம் குறைவு.

நைல் பயணம்

பேக்கர் 1855 இல் குடும்பத்துடன் இங்கிலாந்து திரும்பினார். அவ்வாண்டின் இறுதியில் ஹென்றியெட்டா பிரான்சில் காய்ச்சலால் இறந்தார். 1859 இல் மகாராஜா துலீப் சிங்குடன் டான்யூப் ஆற்றுப் பகுதியில் பயணம் செய்தபோது, விடின் நகர அடிமைச் சந்தையில் புளோரன்ஸ் என்ற இளம்பெண்ணைக் கண்டு அவரை மீட்டு அழைத்துச் சென்றார். இவர்களுடைய திருமணம் 1865 இல் இலண்டனில் நடைபெற்றது. அதற்கு முந்தைய ஆப்பிரிக்கப் பயணம் முழுவதிலும் புளோரன்ஸ் உடனிருந்தார்.

1861 இல் கெய்ரோவிலிருந்து புறப்பட்ட இருவரும் அட்பரா முதலான நைலின் கிளையாறுகளை ஓராண்டுக்கும் மேலாக ஆராய்ந்தனர். பெப்ரவரி 1863 இல் கொண்டகோரோவில் ஸ்பீக், கிராண்ட் ஆகியோரைச் சந்தித்தனர். விக்டோரியா ஏரியிலிருந்து வந்த அவ்விருவரும், மேற்கே இன்னொரு பெரிய ஏரி இருப்பதாகக் கேள்விப்பட்டதைத் தெரிவித்தனர். நோயும் பசியும் கடந்து மார்ச் 14, 1864 அன்று பேக்கரும் புளோரன்சும் அந்த ஏரியை அடைந்தனர். அதற்கு விக்டோரியா அரசியின் மறைந்த கணவர் ஆல்பர்ட்டின் பெயரும், அருகில் கண்ட அருவிக்கு முர்ச்சிசன் அருவி என்ற பெயரும் இடப்பட்டன. அரச புவியியல் கழகம் பேக்கருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1866 இல் சர் பட்டம் பெற்றார்.

ஆப்பிரிக்காவில் இலங்கை அனுபவம் முழுமையாகப் பயன்படவில்லை. ஆப்பிரிக்க யானையின் நெற்றி எலும்பின் அமைப்பு வேறுபட்டிருந்ததால், இலங்கையில் உறுதியாகக் கொன்ற நெற்றிக் குறி அங்கு பலனளிக்கவில்லை. தோள்பட்டையிலோ தலையின் பக்கவாட்டிலோ சுட வேண்டியிருந்தது. ஹம்ரான் அரபுகள் குதிரையில் விரட்டி வாளால் யானையின் பின்னங்காலை வெட்டி வீழ்த்துவதை இவர் வியப்புடன் விவரித்துள்ளார்.

இப்பயணத்தில் இவரிடம் வெவ்வேறு அளவுத் துப்பாக்கிகள் இருந்தன. ஹாலண்ட் நிறுவனம் செய்த ஒன்று அரை இறாத்தல் (227 கிராம்) வெடிகுண்டைச் சுட்டது. 'பேபி' எனப் பெயரிடப்பட்ட அதன் பின்னுதைப்பு, உடல் வலிமை மிக்க பேக்கரையே சுழற்றிவிடும் அளவுக்கு இருந்ததால் அதை அரிதாகவே பயன்படுத்தினார். இவர் பெரிதும் விரும்பியது பிளெட்சர் என்பவர் செய்த 24 எண் அளவுள்ள சிறிய இரட்டைக் குழல் ரைபிள் ஆகும். பெரிய துப்பாக்கி ஆற்றலில் மிகுந்திருந்தாலும், நாள்தோறும் கையில் இருந்தது சிறியதே.

எகுவாடோரியா

1869 இல் எகிப்தின் ஆட்சியாளர் இசுமாயில் பாசா, தெற்கு நைல் பகுதியில் அடிமை வணிகத்தை ஒழித்து எகிப்திய ஆட்சியை நிறுவப் பேக்கரை நான்காண்டுகளுக்கு ஆளுநராக நியமித்தார். 1872 இல் புன்யோரோ நாட்டை எகிப்துடன் இணைத்ததாக மசிண்டியில் அறிவித்தார். அந்நாட்டு மன்னர் கபரேகாவின் படைகள் எதிர்த்ததால் சண்டையிட்டவாறே பின்வாங்க நேர்ந்தது. 1873 இல் பதவிக்காலம் முடிந்தபோது அடிமை வணிகம் ஓரளவே கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. இவருக்குப் பின் சார்ல்ஸ் கார்டன் அப்பொறுப்பை ஏற்றார்.

பிற்காலம்

பேக்கர் பின்னர் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் குடியமர்ந்து, இந்தியா உள்ளிட்ட பல நாடுகளுக்கு வேட்டைக்காகச் சென்றுவந்தார். இதற்குள் பின்புறம் உலோகத் தோட்டா இடும் துப்பாக்கிகள் பரவியிருந்தன. 1890 இல் வெளியிட்ட நூலில், அரை நூற்றாண்டில் ரைபிள் அடைந்த மாற்றங்களைத் தம் பழைய கிப்ஸ் ரைபிளிலிருந்து தொடங்கி விளக்கினார். டிசம்பர் 30, 1893 இல் டெவனில் உள்ள தம் இல்லத்தில் காலமானார். புளோரன்ஸ் 1916 இல் இறந்தார்.

மதிப்பீடு

தொலைவிலிருந்து சுடும் ஆற்றல் வளர்ந்த அதே காலத்தில் வேட்டைக்கான விதிகளும் மாறத் தொடங்கின. சென்னை மாகாணத்தில் 1873 இல் காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டமும், 1879 இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. 1879 இல் இந்திய அளவிலும் யானைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் திருத்தங்களுடன் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வேட்டை தடை செய்யப்பட்டுள்ளது. பேக்கர் எருமைகளைச் சுட்ட மின்னேரியா இன்று தேசியப் பூங்கா. வறண்ட காலத்தில் அக்குளக்கரையில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுகின்றன.

பேக்கரின் வேட்டை நூல்கள் அக்காலத் துப்பாக்கி நுட்பத்துக்கும் இலங்கைக் காடுகளின் நிலைக்கும் முக்கியச் சான்றுகளாக விளங்குகின்றன. அதே வேளை, அவை விலங்குகள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டதற்கும் சான்றாகின்றன. ஹோர்ட்டன் சமவெளியில் உள்ள பேக்கர் அருவி இவர் பெயரால் வழங்குகிறது.

எழுதிய நூல்களிற் சில

- இலங்கையில் ரைபிளும் வேட்டை நாயும் (1853)
- இலங்கையில் எட்டாண்டு அலைவுகள் (1855)
- ஆல்பர்ட் நியான்சா (1866)
- அபிசீனியாவின் நைல் கிளையாறுகள் (1867)
- இசுமாயிலியா (1874)
- காட்டு விலங்குகளும் அவற்றின் இயல்புகளும் (1890)