மன்றோ துரை போட்ட கோடு



இந்தக் காலாண்டின் ஆளுமைப் பகுதிக்கு, நம் பழைய சேலம் சீமையில் வேலை பழகி, பிறகு சென்னை மாகாணத்துக்கே ஆளுநரான ஒருவரை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்னையில் தீவுத்திடலைத் தாண்டிப் போகும்போது, உயரமான பீடத்தின் மேல் குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் சர் தாமஸ் மன்றோ. குதிரைக்குச் சேணம் இல்லை, கால் வைக்க அங்கவடி இல்லை என்று யாராவது உங்களிடம் சொல்லியும் இருப்பார்கள். பள்ளிப் பாடத்தில் ரயத்துவாரி முறையோடு சேர்த்து அவர் பெயரை மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

அவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அரசு அதிகாரி தன் மதத்தை எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் ஒரு பதில் எழுதி வைத்தார். பல மதத்தவர் ஒரே கூரையின் கீழ் வாழும் நமக்கும் அந்தப் பதிலில் வேலை இருக்கிறது.

கிளாஸ்கோவிலிருந்து தருமபுரிக்கு

மன்றோ 1761இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை அமெரிக்காவோடு வாணிபம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் வந்ததும் அந்த வாணிபம் நொடித்துப்போனது. வேலை தேடி கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்த மகன், 1780இல் சென்னை வந்து இறங்கினார். அப்போது வயது பதினெட்டு. வந்த வேகத்தில் ஹைதர் அலியோடு போர். அதன் பிறகு திப்பு சுல்தானோடு போர்.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை ஏற்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாரமகாலும் சேலமும் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தன. இந்தச் சீமையை நிர்வகிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவரை அனுப்பினார்கள். அவருக்கு உதவியாக அனுப்பப்பட்ட ராணுவ அதிகாரிகளில் மன்றோவும் ஒருவர். வரி வசூலிக்கப் பட்டாளத்துக்காரர்கள் எதற்கு என்று கேட்பீர்கள். உள்ளூர் மொழியில் பேசத் தெரிந்த சிவில் அதிகாரிகள் அன்று கம்பெனியிடம் அவ்வளவாக இல்லை. மன்றோவோ பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றிருந்தார்.

ஏழு ஆண்டுகள் அவருக்கு இங்கேதான் வேலை. ஊர் ஊராகப் போய், கூடாரம் அடித்துத் தங்கி, நிலத்தை அளந்து, உழுகிறவனிடமே நேரில் பேசி வரி விதிக்கும் முறை இந்தச் சீமையில்தான் உருவானது. தருமபுரியில் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். அந்தத் தோட்டத்தை விட்டுப் போக மனம் வராமல் ஊருக்கு எழுதியிருக்கிறார். நம் ஏற்காடு அன்று ஊராகவே எழும்பவில்லை. சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது அதற்குப் பின்னால். 1820களில், மன்றோ ஆளுநராக இருந்த காலத்தில், சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தது.

வேலூர் சொன்ன பாடம்

1799இல் திப்பு வீழ்ந்த பிறகு மன்றோ கொஞ்ச காலம் கன்னட நாட்டின் கடற்கரைப் பகுதியில் இருந்தார். 1800இல் ஹைதராபாத் நிஜாம் விட்டுக்கொடுத்த மாவட்டங்களுக்குக் கலெக்டர் ஆனார். பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பை எல்லாம் அதில் அடக்கம். அங்கே ஏழு ஆண்டுகள்.

அவர் அங்கே இருக்கும்போதுதான் 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். படையின் தலைமைத் தளபதி புதிதாக ஒரு தலைப்பாகையைக் கட்டாயமாக்கினார். அணிவகுப்பில் நெற்றியில் நாமமோ திருநீறோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை இப்படித்தான் கத்தரிக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவு போட்டார்கள். தலைப்பாகையில் தோல் வைத்திருந்ததாகப் பேச்சு. இந்துவுக்கும் ஆகாது, முஸ்லிமுக்கும் ஆகாது. விடியுமுன் தொடங்கிய கிளர்ச்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் இறந்தனர். அதை அடக்கியபோது பல நூறு சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தலைமைத் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள் செய்த சதிதான் இது என்று பலர் சொன்னார்கள். மன்றோ அதை முழுக் காரணமாக ஏற்கவில்லை. தன் மாவட்டத்தில் விவரம் தெரிந்தவர்கள்கூட, சிப்பாய்களைக் கிறிஸ்தவர்களாக்கவே அந்த உத்தரவு வந்தது என்று நம்புகிறார்கள். ஐரோப்பியர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம், ஆனால் உண்மை இதுதான் என்று அவர் ஆளுநருக்கு எழுதினார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். உத்தரவு போட்டவர்கள் மதமாற்றத்தை நினைத்தார்களா என்பது ஒரு கேள்வி. உத்தரவுக்குக் கீழே இருந்தவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு கேள்வி. மேலே இருப்பவருக்கு முதல் கேள்வி மட்டுமே கண்ணில் படும். மன்றோ இரண்டாவதையும் பார்த்தார்.

பெல்லாரி சப்-கலெக்டர் விவகாரம்

1820இல் மன்றோ சென்னை மாகாண ஆளுநர் ஆனார். இரண்டு ஆண்டில், தான் முன்பு கலெக்டராக இருந்த அதே பெல்லாரியிலிருந்து ஒரு விவகாரம் அவர் மேசைக்கு வந்தது. அங்கிருந்த சப்-கலெக்டர் பக்தி மிகுந்த கிறிஸ்தவர். தன் அதிகாரத்துக்கு உட்பட்ட மக்களிடம் மதப் பிரசுரங்களைக் கொடுத்து, தன் மதத்தின் பெருமையை எடுத்துச் சொல்லி வந்தார். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, நல்லது என்று நினைத்ததைச் சொன்னேன், அவ்வளவுதான் என்பது அவர் பக்கம்.

மன்றோவும் கிறிஸ்தவர்தான். கம்பெனியும் கிறிஸ்தவ நாட்டுக் கம்பெனிதான். கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் மேலிடத்தில் யாரும் பெரிதாகக் கேட்டிருக்க மாட்டார்கள். சிலர் பாராட்டியும் இருப்பார்கள். ஆனால் 1822இல் மன்றோ ஒரு நீண்ட குறிப்பு எழுதி, இது கூடாது என்று திட்டமாகச் சொன்னார்.

அவர் சொன்னதன் சாரம் இது. வரி போடுகிறவரும், வழக்கு விசாரிக்கிறவரும், வேலை கொடுக்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ளவரும் ஒருவரேயாக இருக்கும்போது, அவர் சொல்லும் எந்தச் சொல்லும் தனி மனிதரின் சொல்லாக மக்கள் காதில் விழாது. அவர் வேண்டுகோளாகச் சொல்வது கேட்பவருக்கு உத்தரவாகவே தெரியும். மதத்தைப் பரப்ப மிஷனரிகள் இருக்கிறார்கள், அது அவர்கள் வேலை. அதிகாரி அந்த வேலையில் இறங்கினால் அரசே இறங்கியதாகத்தான் மக்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒருவருக்கு அனுமதி கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு மறுக்க முடியாது. எல்லா அதிகாரிகளும் இறங்கினால் நாடு அமைதியாக இருக்காது.

பெல்லாரியில் லண்டன் மிஷன் 1810 முதலே வேலை செய்துகொண்டிருந்தது. மன்றோ அதை நிறுத்தச் சொல்லவில்லை. மன்றோ மறைந்த 1827இல் அதே மிஷன் நம் சேலத்திலும் பணியைத் தொடங்கியது. அவர் கோடு போட்டது மதத்துக்கு எதிராக அல்ல. மதம் பேசுவது யாருக்கும் உரிமை. கச்சேரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசுவது யாருக்கும் உரிமை இல்லை. இதுதான் அந்தக் கோடு.

கோடு முழுமையானதா?

மன்றோவைத் துதிபாடுவது நம் நோக்கமில்லை. அவர் ஓர் அந்நியக் கம்பெனியின் ஊழியர். ஆட்சி கலகமின்றி நடக்க வேண்டும் என்ற கவலை அவர் எழுத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது. நியாய உணர்ச்சியும் ஆட்சிப் பாதுகாப்பும் அவரிடம் கலந்தே இருந்தன.

தவிர, அரசும் மதமும் அவர் காலத்தில் முழுதாகப் பிரிந்துவிடவில்லை. 1817இன் 7ஆவது ரெகுலேஷன்படி கோயில், பள்ளிவாசல், சத்திரம் ஆகியவற்றுக்கு விடப்பட்ட நிலங்களின் வருமானம் சரியாகச் செலவாகிறதா என்று பார்க்கும் பொறுப்பு ரெவின்யூ போர்டிடம் இருந்தது. மன்றோவின் ஆட்சியிலும் அது தொடர்ந்தது. மாவட்டங்களில் இந்த வேலை கலெக்டர்கள் கையில்தான். சொத்தைக் காப்பது வேறு, நம்பிக்கையில் தலையிடுவது வேறு என்ற எண்ணம் இதற்கு அடியில் இருந்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் எல்லை எங்கே என்பது அன்றும் தகராறுதான், இன்றும் தகராறுதான்.

கல்வியிலும் அப்படியே. மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க 1822இல் உத்தரவிட்டார். 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படிப்பதாகக் கணக்கு வந்தது. அதை வைத்து 1826இல் ஒரு திட்டம் போட்டார். ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டு பெரிய பள்ளிகள், ஒன்று இந்துக்களுக்கு, மற்றது முஸ்லிம்களுக்கு. இருவருக்கும் சமமாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தார். ஒரே பெஞ்சில் உட்கார வைக்கலாம் என்ற இடத்துக்கு அவர் வரவில்லை. சமமாக நடத்துவதும் சேர்த்து நடத்துவதும் ஒன்றல்ல என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மக்கள் மனதில்

1827இல் பதவியை விட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டிய நேரம். கிளம்பும் முன் தன் பழைய மாவட்டங்களை ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று போனார். வழியில் காலரா கண்டு, ஜூலை 6ஆம் தேதி பத்திகொண்டா என்ற ஊரில் இறந்தார். கூத்தியில் அடக்கம் செய்து, பிறகு சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். பொதுமக்கள் நன்கொடையில் செய்த சிலை 1839இல் நிறுவப்பட்டது.

அந்த மாவட்டங்களில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். மந்திராலயத்தில் ராகவேந்திர சுவாமிகள் பிருந்தாவனத்திலிருந்து எழுந்து வந்து அவரிடம் பேசினார், மடத்து மானியம் அதனால் தப்பியது என்று ஒரு கதை உண்டு. திருமலையில் நைவேத்தியத்துக்கு அவர் கொடுத்த பாத்திரம் என்று ஒன்றைச் சொல்வார்கள். கதைகளை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தன் மதத்தை மக்கள் மேல் சுமத்தாத அதிகாரியை, வேறு மதத்து மக்கள் தங்கள் கோயில் கதைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். இது யோசிக்க வேண்டியது.

அவருக்குப் பின்

அந்தக் கோட்டை அடுத்து வந்தவர்கள் பலவாறு அழித்தும் திருத்தியும் எழுதினார்கள். 1838இல் சென்னைப் படைத் தளபதி பெரிகிரின் மெயிட்லண்ட், கோயில் விழாக்களில் கிறிஸ்தவச் சிப்பாய்களை மரியாதை செய்யவைக்க முடியாது என்று பதவியை விட்டுப் போனார். மன்றோவின் கேள்வி இப்போது மறு பக்கத்திலிருந்து வந்தது. 1863இல் வந்த சட்டம் கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து அரசை விலக்கி, உள்ளூர்க் குழுக்களிடம் ஒப்படைத்தது. கணக்கு சரியில்லை என்ற புகார்கள் எழ, 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் இந்து அறநிலையச் சட்டம் வந்தது. இன்றைய அறநிலையத்துறை அந்த வழியில் வந்தது.

1950இல் நம் அரசியல் சட்டம் இதையெல்லாம் சில பிரிவுகளில் அடக்கியது. எவரும் தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை கொடுக்கிறது 25ஆவது பிரிவு. குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது 27ஆவது பிரிவு. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது 28ஆவது பிரிவு.

நமக்கு என்ன?

நம் சங்கம் அரசாங்கம் இல்லை. ஆனால் தண்ணீர் லாரியை எப்போது வரவழைப்பது, பார்க்கிங் யாருக்கு, பொது ஹால் எந்தத் தேதியில் யாருக்கு என்று முடிவு செய்யும் ஓர் அதிகாரம் அதற்கும் உண்டு. பராமரிப்புக் கட்டணம் எல்லா வீட்டிலிருந்தும் வருகிறது. மலையில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்களும், ஞாயிறு தேவாலயம் போகிறவர்களும், வெள்ளி தொழுகைக்குப் போகிறவர்களும், எதற்கும் போகாதவர்களும் அதே தொகையைத்தான் கட்டுகிறார்கள்.

எதிர்வீட்டுக்காரர் விழாவுக்கு நன்கொடை கேட்டால் நீங்கள் தயங்காமல் முடியும், முடியாது என்று சொல்லலாம். அதையே செயலாளர் ரசீதுப் புத்தகத்தோடு வந்து கேட்டால் அவ்வளவு சுலபமாக முடியாது என்று சொல்ல வராது. கேட்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அப்படித்தான். பெல்லாரி சப்-கலெக்டரும் கெட்டவர் இல்லை.

ஆகவே அடுத்த பொதுக்குழுவுக்கு முன் மூன்று விஷயங்களை யோசித்துப் பாருங்கள். விழா வசூலைக் கொண்டாடுகிறவர்களே செய்யட்டும், நிர்வாகிகள் தங்கள் பொறுப்பில் இருக்கும் காலத்தில் அதில் முன்னால் நிற்க வேண்டாம். விழாக் கணக்கு பராமரிப்புக் கணக்கோடு சேராமல் தனியாக இருக்கட்டும். பொது ஹாலுக்கு முன்பதிவு விதி எல்லா விழாவுக்கும் ஒன்றாக இருக்கட்டும். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் பலகாரம் வீடு வீடாகப் போவது வழக்கம்போல் போகட்டும். அதற்கு எந்த விதியும் தேவையில்லை.

உங்கள் கருத்தை எழுதி அலுவலகப் பெட்டியில் போடுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் தயங்காமல் எழுதுங்கள்.