47 வயது பைக்... 68 வயது ரைடர்! வீட்டு ஷெட்டில் உருவான உலக சாதனை: யார் இந்த பர்ட் மன்ரோ?

‘தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்ட்டஸ்ட் இந்தியன்’ என்று 2005-ல் ஒரு படம் வந்தது. ஆந்தனி ஹாப்கின்ஸ்தான் ஹீரோ. பெயரைப் பார்த்து, நம்ம நாட்டு ஓட்டப்பந்தய வீரர் யாரோ என்று நினைத்து கிளிக் செய்தவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். இதில் வரும் ‘இந்தியன்’ ஆள் இல்லை, பைக். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் 1901-ல் தொடங்கிய ஒரு கம்பெனியின் பெயர் அது. அந்தக் கம்பெனி தயாரித்த பழைய பைக் ஒன்றை எடுத்து, நியூசிலாந்தின் தென்கோடியில் தன் ஷெட்டுக்குள் வைத்து நாற்பது வருஷத்துக்கு மேல் குடைந்துகொண்டே இருந்த மனிதர்தான் பர்ட் மன்ரோ. பழைய பைக்கை வீட்டிலேயே பிரித்து மேய்வது இன்று பலருக்கு வார இறுதி பொழுதுபோக்கு. மன்ரோவுக்கு அது எங்கே கொண்டுபோய் விட்டது, அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பது படத்தில் பாதிதான் இருக்கிறது.

55 மைல் பைக்

முழுப்பெயர் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ. பிறந்தது 1899 மார்ச் 25. உடன்பிறந்த இரட்டைச் சகோதரி பிறப்பிலேயே இறந்துவிட்டார். இந்தக் குழந்தையும் இரண்டு வயதைத் தாண்டாது என்று பெற்றோரிடம் சொல்லப்பட்டதாம். இன்வர்கார்கில் நகரத்துக்குப் பக்கத்தில் ஈடன்டேல் என்ற ஊரில் பண்ணை வீடு. வேகத்தின் மீது ஆசை அங்கே குதிரையில் ஆரம்பித்தது. அப்புறம் பைக்.

1920-ல் இன்வர்கார்கிலில் ஒரு புத்தம்புது ‘இந்தியன் ஸ்கவுட்’ வாங்கினார். அந்த மாடலில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த 627-வது வண்டி அது. 600 சிசி, வி வடிவத்தில் இரண்டு சிலிண்டர், மூன்று கியர். அதிகபட்சம் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 89 கிலோமீட்டர் போகும். அன்றைக்கு அது நல்ல வேகம்தான். ஆனால் மன்ரோவுக்குப் போதவில்லை. 1926 வாக்கில் வண்டியைப் பிரிக்க ஆரம்பித்தார். அதன் பிறகு அந்த வேலை முடியவே இல்லை.

இடையில் பந்தயங்களுக்காக ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கொஞ்ச காலம் இருந்தார். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் ஊர் திரும்பி, மோட்டார் சைக்கிள் விற்பனையாளர், மெக்கானிக் வேலைக்குப் போனார். பகலில் மற்றவர்கள் வண்டி, ராத்திரியில் தன் வண்டி. விடிய விடிய ஷெட்டில் இருந்துவிட்டு, தூங்காமலேயே காலையில் வேலைக்குக் கிளம்பிய நாட்கள் உண்டு. ஸ்கவுட் மட்டும் இல்லை, 1936 மாடல் ‘வெலோசெட்’ ஒன்றையும் இதே மாதிரி மாற்றிக்கொண்டிருந்தார். நியூசிலாந்தில் சாலையிலும் கடற்கரையிலும் பல வேக சாதனைகள் அவர் பெயரில் வந்தன. ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரெட்டி கடற்கரையின் இறுகிய மணல்தான் அவருடைய சோதனைக் களம்.

காயலான் கடைச் சரக்கில் இன்ஜின்

இந்தக் கதையில் ருசியான பகுதி இதுதான்.

ரேஸ் பாகங்கள் வாங்க மன்ரோவிடம் காசு இல்லை. இருந்தாலும் அவர் நினைத்த பாகங்கள் எந்தக் கடையிலும் கிடைத்திருக்காது. அதனால் எல்லாவற்றையும் தானே செய்தார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து உலோகத்தை உருக்கி ஊற்றினார். சிலிண்டருக்கு எரிவாயு கொண்டுபோகும் பழைய வார்ப்பிரும்புக் குழாய். பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு, ஒரு டிராக்டர் அச்சிலிருந்து கையால் அறுத்து, ராவி எடுத்தது. மயிரிழை அளவைக் கணக்கிட மைக்ரோமீட்டர் வேண்டாமா? தேய்ந்த சைக்கிள் ஸ்போக் கம்பியை வைத்தே அளந்தார். சொல்லும்போது வேடிக்கையாக இருக்கும். ஆனால் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் போகிற ஒரு பாகத்தை இப்படிச் செய்து, அதன் மேல் படுத்துக்கொண்டு முந்நூறு கிலோமீட்டரைத் தொடுவது வேடிக்கை கிடையாது.

ஸ்கவுட்டின் ஒரிஜினல் இன்ஜினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருக்கும். ‘சைடு வால்வு’ என்பார்கள். செய்வதற்கு எளிது, சீக்கிரம் கெடாது. ஆனால் பெட்ரோலும் காற்றும் கலந்த வாயு வளைந்து நெளிந்துதான் உள்ளே போகும். எரியும் அறையும் அகலமாகப் பரந்துவிடும். அதனால் வாயுவை நன்றாக அழுத்த முடியாது. அழுத்தம் இல்லை என்றால் சக்தியும் இல்லை. மன்ரோ வால்வுகளை சிலிண்டரின் தலைக்கு மேலே கொண்டுவந்தார். இதுதான் ‘ஓவர்ஹெட் வால்வு’. இன்றைக்கு நாம் ஓட்டும் எல்லா பைக்கிலும் வால்வு மேலேதான் இருக்கிறது. கம்பெனியின் இன்ஜினியரிங் பிரிவு வரைபடம் போட்டுச் செய்யும் வேலையை இவர் ஷெட்டில் ஒற்றை ஆளாகச் செய்தார். இரண்டு கேம் இருந்த இடத்தில் நான்கு வந்தன. ஃப்ளைவீல், கிளட்ச், ஆயில் ஓடும் வழி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. 600 சிசி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து கடைசியில் 950 சிசி ஆனது.

வளர வளர வெடித்தது. அழுத்தம் கூடினால் சூடு கூடும். பிஸ்டனின் அலுமினியம் அதைத் தாங்காமல் உருகி ஓட்டை விழும். ராடு முறியும், முறிந்த ராடு உள்ளே இருப்பதையெல்லாம் கிழித்துவிடும். மாதக்கணக்கில் செய்தது சில நொடிகளில் இரும்புத்துண்டு. மன்ரோ அவற்றைத் தூக்கிப் போடவில்லை. ஷெட்டில் ஒரு அலமாரி நிறைய அடுக்கி வைத்து, அதற்கு ‘வேகக் கடவுளுக்கான காணிக்கைகள்’ என்று பெயரும் வைத்தார். இயக்குநர் ரோஜர் டொனால்ட்சன் 1970-களின் தொடக்கத்தில் மன்ரோவைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இதுதான் தலைப்பு. 2005-ல் ஹாப்கின்ஸை வைத்துப் படம் எடுத்ததும் அதே டொனால்ட்சன்தான்.

பழைய வண்டிப் பிரியர்கள் மத்தியில் ஒரு பஞ்சாயத்து எப்போதும் உண்டு. ரீஸ்டோர் செய்வது என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே, அதே பெயின்ட், அதே நட்டு போல்ட்டோடு கொண்டுவருவது என்பார்கள் ஒரு தரப்பினர். அவர்கள் கணக்குப்படி மன்ரோ செய்தது கிட்டத்தட்ட பாவம். ஒரிஜினல் பாகங்களில் மிஞ்சியது கொஞ்சம்தான். ஆனால் கோயில் தேரில் கட்டை கட்டையாக மாற்றிக்கொண்டே வந்தாலும் ஊருக்கு அது அதே தேர்தானே! 57 வருஷம் ஒரே வண்டியை விடாமல் வைத்திருந்தவரிடம் போய் ஒரிஜினாலிட்டி பற்றிப் பேசுவது கொஞ்சம் ஓவர்.

வீட்டில் என்ன நடந்தது?

படத்தில் மன்ரோ தனியாக வாழும், எல்லோருக்கும் பிடித்துப்போகும் தாத்தா. அந்தத் தனிமை எப்படி வந்தது என்பதைப் படம் சட்டென்று தாண்டிவிடுகிறது. அவருக்கு மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். 1947-ல் விவாகரத்து. 1940-களின் கடைசியில் வேலையையும் விட்டார். பிறகு கான்கிரீட் கட்டைகளால் கட்டிய ஒரு சின்ன ஷெட்தான் வீடு. அதற்குள்ளேயே பட்டறை, அதற்குள்ளேயே கட்டில். பைக் நின்ற இடத்திலிருந்து படுக்கை சில அடி தூரம்.

திருமணம் முறிந்ததற்கு பைக் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ராத்திரி முழுக்க ஷெட்டில் இருக்கும் ஒரு ஆளோடு நான்கு பிள்ளைகளை வளர்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் ‘பேஷன்’, ‘டெடிகேஷன்’ என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுப் போவது நியாயம் இல்லை. அவர் அந்த நாற்பது வருஷத்தில் செலவழித்தது பணத்தை அல்ல, நேரத்தை. அதில் கணிசமான பங்கு வீட்டுக்கு உரியது.

உப்பு மைதானத்தில்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பான்வில் என்ற இடத்தில் ஒரு பழங்கால ஏரி வற்றிப்போய், வெள்ளை வெளேர் என்று உப்புப் படுகை மட்டும் மிஞ்சியிருக்கிறது. தட்டையானது, கெட்டியானது, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை குறுக்கே எதுவும் கிடையாது. அதனால்தான் வேக சாதனைக்காரர்கள் ஆகஸ்ட் மாதம் ஆனால் அங்கே கூடுவார்கள். சாதனைக்கு ஒரு தடவை பறந்தால் போதாது. ஒரு திசையில் ஒன்று, எதிர்த்திசையில் ஒன்று என இரண்டு ஓட்டம் வேண்டும், இரண்டின் சராசரிதான் கணக்கு. காற்று பின்னாலிருந்து தள்ளிவிட்ட வேகத்தைச் சாதனையாகக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

மன்ரோ முதலில் அங்கே சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனார். அப்போதுதான் பெயரும் மாறியது. அதுவரை ‘பெர்ட்’. 1957-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை எழுத்துப்பிழையோடு ‘பர்ட்’ என்று அச்சிட்டது. அவருக்கு அது பிடித்துப்போக, அப்படியே வைத்துக்கொண்டார்.

1962-ல் பைக்கோடு போனார். வயது 63. அதற்குள் நெஞ்சுவலிப் பிரச்னையும் இருந்தது. 850 சிசி இன்ஜினோடு, 883 சிசி பிரிவில் மணிக்கு 178.95 மைல், அதாவது 288 கிலோமீட்டர். முதல் சாதனை! படம் எல்லாவற்றையும் ஒரே பயணமாகச் சுருக்கிவிடும். நிஜத்தில் அவர் ஒன்பது தடவை அங்கே ஓட்டினார். 1966-ல் 1000 சிசி பிரிவில் 168.07 மைல்.

அடுத்த வருஷம், 1967. அவருக்கு 68, பைக்குக்கு 47. அந்த பைக்கைச் செய்த கம்பெனி தன் ஆலையை 1953-லேயே மூடியிருந்தது. (இதில் சென்னைக்காரர்களுக்கு ஒரு குட்டித் தகவல்: ஆலை மூடிய பிறகு, 1950-களின் பிற்பாதியில் அமெரிக்காவில் ‘இந்தியன்’ பெயரில் விற்றவை, பெயரை மாற்றி ஒட்டிய இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டுகள். கிட்டத்தட்ட அதே சமயம், 1955-ல்தான் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கே என்ஃபீல்டு தயாரிப்பில் இறங்கியது.)

வண்டிக்கு மேலே மீன் மாதிரி ஒரு கூடு. அதற்குள் குப்புறப் படுத்த மாதிரி ஓட்ட வேண்டும். அந்த வருஷம் ஒரு ஓட்டத்தின் பாதி தூரத்தில் பைக் ஆட ஆரம்பித்தது. அந்த வேகத்தில் பிரேக் பிடிப்பது தற்கொலை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உடம்பில் மோதும் காற்றே வேகத்தைக் குறைக்கும் என்பது கணக்கு. காற்று கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. கண்ணே தெரியவில்லை. பாதையைக் காட்டும் கறுப்புக் கோட்டை விட்டு எங்கேயோ விலகி, நட்டிருந்த ஒரு இரும்புக் கம்பை அங்குலக்கணக்கில் தவறவிட்டு, கடைசியில் வண்டியைச் சாய்த்தார். சிராய்ப்புகளோடு எழுந்துவிட்டார்.

அந்த வருஷம்தான் 1000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் 183.58 மைல், அதாவது 295 கிலோமீட்டர் என்ற சாதனை பதிவானது. தகுதிச் சுற்றில் ஒரு திசையில் மட்டும் 190.07 மைல் (306 கிலோமீட்டர்) தொட்டார். சோஷியல் மீடியாவில் சுற்றும் 205 மைல் என்பது அதிகாரபூர்வமற்ற கணக்கு, சாதனைப் பட்டியலில் அது இல்லை. இன்னொன்றும் தெளிவாகிவிட வேண்டும். மன்ரோ உலகத்தின் அதிவேக பைக் ஓட்டுநராக ஒருநாளும் இருந்ததில்லை. பெரிய கம்பெனிகளின் ஆதரவோடு வந்தவர்கள் அப்போதே அவரைவிட வேகமாகப் போய்விட்டார்கள். இவருடையது குறிப்பிட்ட இன்ஜின் அளவுக்கான பிரிவுச் சாதனை. ஆனால், 89 கிலோமீட்டர் போகப் பிறந்த ஒரு வண்டியை, தகர டப்பாவில் வார்த்த பாகங்களோடு மூன்று மடங்குக்கு மேல் வேகமாக ஓட்டியவர்கள் அந்தப் பட்டியலில் வேறு யார்?

ஹார்டுவேர் கடையில் ஒரு பைக்

1970-களிலும் ஊரில் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். 1977-ல் பக்கவாதம் வந்தது. கைகால் முன்போல ஒத்துழைக்கவில்லை. வண்டிகள் இரண்டும் சொந்த ஊரை விட்டு வெளியே போய்விடக் கூடாது என்று, இன்வர்கார்கிலில் இருக்கும் ‘ஈ. ஹேய்ஸ்’ ஹார்டுவேர் கடைக் குடும்பத்துக்கு விற்றார். 1978 ஜனவரி 6-ல் இறந்தார். 78 வயது.

அந்த பைக் இப்போதும் அதே கடையில் இருக்கிறது. ஆணியும் ஸ்பேனரும் விற்கும் கடைக்குள், வாளி வாங்க வந்தவர்களும் உலகம் சுற்றி வந்தவர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். 2006 முதல் அவர் பெயரில் அந்த ஊரில் பைக் பந்தயத் திருவிழா நடக்கிறது. அமெரிக்காவின் மோட்டார் சைக்கிள் சங்கம் அதே வருஷம் தன் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டது.

கடைசியாக ஒரு கணக்கு. 1967 சாதனையின் பழைய எண்களை மகன் ஜான் மன்ரோ எடுத்துப் பார்த்தபோது, சராசரி தப்பாகப் போடப்பட்டிருப்பது தெரிந்தது. 2014-ல் சங்கம் அதைத் திருத்தியது. புதிய வேகம் 184.087 மைல். ஓட்டியவர் இறந்து 36 வருஷம் ஆன பிறகு அந்த ஸ்கவுட்டின் சாதனையில் அரை மைல் கூடியது.